நாற்பது கேலன் தொட்டி

பம்பு ஓடியது. ஒரே ஒரு விநாடி. துர்ர். நின்றுவிட்டது.

டிரெய்லர் வீட்டின் தண்ணீர்ப் பம்புக்கு ஒரே ஒரு புத்திதான் உண்டு. யாராவது குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். ட்வைலா வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோலோடு நறுக்கிக்கொண்டிருந்தாள். தோல் சீவினால் கழுவ வேண்டும், கழுவினால் தண்ணீர் போகும். அவள் புருஷன் வெர்லின் கூரைமேல் குந்தி, சூரியத் தகட்டிலிருந்த தூசியைப் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருந்தான். டிரெய்லருக்குள் யாரும் இல்லை. நாலாபுறமும் அரிசோனாவின் ஜனவரி வெயில், கை தூக்கி நிற்கும் கள்ளிகள், கிரியோசோட் புதரின் தார் வாசனை, கால் மைலுக்கு அப்பால் ராய்ஸின் பழைய டிரெய்லர். அவ்வளவுதான். ஆனாலும் உள்ளே யாரோ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மரியாதையாகக் குழாயை மூடியதுபோலத்தான் அந்தச் சத்தம் இருந்தது.

"வெர்லின், பம்பு தானா ஓடுது."

"எங்கயாச்சும் கசியும்."

"நேத்தும் ஓடிச்சு. நான் தரையெல்லாம் தடவிப் பாத்துட்டேன். சொட்டு ஈரம் இல்ல."

"அப்ப நீதான் எனக்குத் தெரியாம முகம் கழுவுற," என்று கூரையிலிருந்து பதில் வந்தது.

வெர்லின் முப்பது வருடம் நெப்ராஸ்காவில் பழைய கார் விற்றவன். ஒரு காரின் எஞ்சின் மூடி விழுந்து வலது ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. அந்தக் காரையும் அன்று மாலைக்குள் ஒருவன் தலையில் கட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்படிப்பட்டவன், போன மாதம் நெடுஞ்சாலையோரம் இந்த டிரெய்லரை விற்க நின்ற இமோஜீன் என்ற கிழவியைப் பார்த்ததும் சர்க்கரை கண்ட எறும்பானான். வாங்கும் முன் தொட்டியை நிரப்பிப் பார்ப்பேன் என்றான். நாற்பது கேலன் என்று பக்கவாட்டில் எழுதியிருந்த தொட்டி, இருபத்து நாலிலேயே வழிந்து அவன் பூட்ஸை நனைத்தது.

"பதினாறு கேலன் எங்கம்மா? குறையுதே!" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வியை அவன் எவ்வளவு ருசித்தான் என்பது ட்வைலாவுக்குத் தெரியும்.

"குறைச்சுக்குங்க," என்றாள் இமோஜீன்.

"எவ்வளவு குறைக்கலாம்?"

"நீங்களே சொல்லுங்க."

பேரத்துக்கு எதிர்ப் பேரம் வராதது வெர்லினுக்குப் பெரிய ஏமாற்றம். சண்டைக்குப் போனவனைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தது போல முழித்தான். கிழவி அவனை மேலும் கீழும் பார்த்து, "நீங்க என்ன எடை இருப்பீங்க?" என்றாள்.

"நூத்தைம்பது பவுண்டு. ஏன், என்னையும் சேத்து விக்கப் போறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. மெலிந்த உடம்பு, ஆனால் முன்கைகள் மட்டும் மூட்டை தூக்குகிறவனுடையவை போல முறுக்கேறிக் கிடந்தன. உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு. போன ஜனவரியில் பாலையில் காணாமல் போன தன் புருஷன் குருவி மாதிரி சின்ன ஆள் என்றாள். சாவியை ட்வைலாவின் கையில்தான் கொடுத்தாள். "தொட்டிய மட்டும் காய விடாதம்மா," என்றாள். பிறகு தண்ணீர் ஊற்றும் வாயின் சின்ன மூடிக்குப் பக்கத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த வயதில் அவ்வளவு வேகமாக யாரும் நடந்து ட்வைலா பார்த்ததில்லை.

அரசாங்க நிலத்தில் ஓரிடத்தில் பதினாலு நாள் இலவசமாகத் தங்கலாம். தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது. அங்கே தங்குகிறவர்களுக்கு ஒரே பெருமை, எத்தனை நாள் ஒரே தொட்டியில் ஓட்டினோம் என்பதுதான். முதல் நாளே பக்கத்து டிரெய்லர்க்காரன் ராய்ஸ் தன் தொப்பையைச் சொறிந்துகொண்டு வந்து வம்புக்கு இழுத்தான்.

"இருபத்து நாலு கேலன்ல ரெண்டு பேரா? ஒரு வாரத்துல நக்கிட்டு ஊருக்குள்ள ஓடுவே பாரு."

"பதினாலு நாளும் இருந்து காட்டுறேன்யா. தோத்தா உன் மீசைய எடுக்கணும்."

"நீ தோத்தா?"

"என் பொண்டாட்டி உனக்குத் துணி துவைப்பா."

இருவரும் சிரித்தார்கள். ட்வைலாவை யாரும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு அடியில்தான் தொட்டி. மெத்தையைத் தூக்கி, பலகையை நீக்கினால், பால் நிறப் பிளாஸ்டிக் சுவர் தெரியும். அதன் வழியே தண்ணீர் மட்டமும் மங்கலாகத் தெரியும். வெர்லின் அதில் கறுப்பு மையால் பதினாலு கோடுகள் போட்டான், நாளுக்கு ஒரு கோடு. ஒவ்வொரு சாயங்காலமும் பலகையை நீக்கி, அன்றைய கோட்டைப் பாதி விரலால் டொக் டொக் என்று தட்டி, "பாத்தியா? மட்டம் கோட்டுக்குக் கீழ போயிருக்கு. உன் வேலைதான்," என்பான். அவளுக்குக் கழுவ, துடைக்க, எல்லாவற்றுக்கும் நாளுக்கு ஒரு காப்பிக் கோப்பை. ஐந்தாம் நாள் அவள் தலைமுடி பிசுபிசுத்து, தலையணையில் அழுக்கெண்ணெய் வாடை அடிக்கத் தொடங்கியபோது, இன்னொரு கோப்பை கேட்டாள்.

"ஒரு கோப்பை போதும். நீ என்ன யானையா?"

தான் குடிக்கும்போது மட்டும் அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, ஒரே நீண்ட மடக்கில் கோப்பையைக் காலி செய்வான்.

ஏழாம் நாளிலிருந்து மட்டம் கோடுகளைத் தாண்டித் தாண்டி இறங்கியது. எட்டாம் நாள் பம்பு தானாக ஓடியது இரண்டு முறை. பத்தாம் நாள் பதினோரு முறை. ட்வைலா எண்ணினாள். காற்று இல்லாத மதியங்களில், கட்டிலில் படுத்திருக்கும்போது, முதுகுக்குக் கீழே தண்ணீர் மெல்லப் புரளும் சத்தம் கேட்டது. நின்ற டிரெய்லரில் தண்ணீர் எதற்குப் புரள வேண்டும் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால், மெத்தையின் ஓரத்துக்கு நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருக்களித்துப் படுப்பது போன்ற அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

பதினோராம் நாள் காலை பம்பு இருமியது. தண்ணீரோடு காற்று வந்தது. சுவரில் தண்ணீர் அளவு காட்டும் மூன்று விளக்குகளில் கடைசியும் அணைந்தது.

"போய் நிரப்பிட்டு வரலாம், வெர்லின். அந்தம்மா காய விடாதேன்னு சொல்லிச்சு."

"குடிக்கப் பாட்டில் தண்ணி இருக்கு. மூணே நாள். ராய்ஸ் மீசை இல்லாம எப்படி இருப்பான்னு நீ பாக்க வேணாமா?"

"வேணாம்."

"தொட்டி காஞ்சா என்ன, அழுதுடுமா?" என்று சொல்லி, பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அருகில் வைத்து, கண்ணாடியைத் தலையணையில் வைத்து, மதியத் தூக்கத்துக்குச் சாய்ந்தான்.

அவன் குறட்டை ஏறியதும் ட்வைலா டிரெய்லரை இழுத்துவரும் வண்டியின் சாவியை எடுத்தாள். அருகிலிருந்த ஊரின் பொதுக் குழாய் ஒரு மணி நேரத் தூரம். ஆறு கேலன் பிடிக்கும் நீலக் கேன்கள் நாலு. நிரப்பித் தூக்கும்போது கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. திரும்பி வரும்போது நாலு மணி. முதலில் ராய்ஸ்தான் கண்ணில் பட்டான், நாய்ச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு.

"ட்வைலா! வண்டியில என்ன அது, நீலமா? தோத்தாச்சா? எங்க உன் வீரன்?"

"தூங்குறார்."

"தூங்கட்டும் தூங்கட்டும். நாளைக்கு என் அழுக்கு டவுசரோட வரேன்."

டிரெய்லருக்குள் வெர்லின் இல்லை.

பூட்ஸ் இருந்தது. கண்ணாடி தலையணையில் இருந்தது. அடி எடுத்து வைத்தால் முள் ஏறும் இந்தப் பூமியில், வெறுங்காலோடு, அரைக் குருடனாக, எங்கே போவான்? மெத்தையில் அவன் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. தொட்டாள். ஈரம். முகர்ந்தாள். பிளாஸ்டிக் வாடை.

கூப்பிட்டாள். பாலை அவள் குரலைத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாதபோது கை, தெரிந்த வேலையைச் செய்யும். ட்வைலா வெளியே வந்து, சின்ன மூடியைத் திறந்து, புனலைச் செருகி, முதல் கேனைத் தோளில் தாங்கிச் சாய்த்தாள். காலித் தொட்டியில் விழும் தண்ணீர் முரசு மாதிரி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி ஒலிக்கவில்லை. எதன்மேலோ விழுந்து, வழுக்கி, இறங்கியது. முதல் கேன் போயிற்று. இரண்டாவதைச் சாய்த்தாள். புனல் நிறைந்தது. வழிந்தது. அவள் காலில் கொட்டியது.

ஆறு கேலன்.

இருபத்து நாலு பிடித்த தொட்டி. ஆறு.

பதினெட்டு குறைவு.

வண்டியின் பாரக் கணக்குக்காக வெர்லினே அவளுக்குப் பாடமாகச் சொல்லித் தந்திருந்தான்: ஒரு கேலன் தண்ணீர், எட்டேகால் பவுண்டுக்குச் சற்று மேல். அவள் கணக்குப் போட விரும்பவில்லை. கணக்கு தானாகப் போட்டுக்கொண்டது. நூற்றைம்பது பவுண்டு.

உள்ளே பம்பு ஓடியது. துர்ர்.

உடனே இன்னொன்று. துர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர். நீளமாக. ஒரே மடக்கில்.

ட்வைலா உள்ளே போனாள். மெத்தையைத் தள்ளினாள். பலகையை நீக்கினாள்.

பால் நிறச் சுவர். மேல் கோட்டில் தண்ணீர். அவள் பார்க்கப் பார்க்க ஒரு கோடு இறங்கியது. பின்னால் ஏதோ மங்கலாக அசைந்தது. ஒரு சின்ன உள்ளங்கை, நெடுநாள் ஊறி வெளுத்து, சுவரில் ஒட்டியிருந்தது. அது நகர்ந்தது, பஸ்ஸில் இடம் விடுகிறவர் மாதிரி. அந்த இடத்தில் இன்னொரு கை வந்து பதிந்தது. நாலரை விரல்.

பாதி விரல் எழும்பியது. கோட்டைத் தட்டியது.

டொக் டொக்.

அவளுக்கு அலறத்தான் வந்தது. அந்தப் பயத்துக்குள்ளும், பதினோரு நாளாக, ஏன் நாற்பது வருடமாக, அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏறும் பழைய சூடு ஏறியது. இங்கேயும் தட்டுகிறான். அங்கிருந்தும் குறை சொல்கிறான். மட்டம் இறங்கியதாம்.

டொக் டொக். டொக் டொக்.

இமோஜீனின் முன்கைகள் நினைவுக்கு வந்தன. ஒரு வருடம். தினமும் கேன் தூக்கிய கைகள்.

ட்வைலா வெளியே போய்க் காப்பிக் கோப்பையில் தண்ணீர் மொண்டு, புனலில் ஊற்றினாள். தொட்டியின் வாயருகே குனிந்தாள்.

"ஒரு கோப்பை போதும், வெர்லின். நீ என்ன யானையா?"

தட்டல் ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக வந்தது. டிரெய்லர் சுவர் அதிர்ந்தது.

அவள் மூடியை மூடினாள். வாசல் படியில் உட்கார்ந்தாள். வண்டியில் நிறைந்த கேன்கள் இரண்டு; கையில் பாதிக் கேன். ஷாம்புவை எடுத்தாள். தலையை முன்னால் கவிழ்த்து, பதினோரு நாள் அழுக்கு முடியைத் தரைவரை தொங்கவிட்டு, கேனைத் தாராளமாகச் சாய்த்தாள். குளிர்ந்த தண்ணீர் மண்டையில் ஓடியது. ஐயோ, என்ன சுகம். விரலை விட்டுத் தேய்த்தாள். நுரை காதுக்குள் போயிற்று, கண்ணுக்குள் போயிற்று, தட்டும் சத்தம் தூரமாயிற்று. பம்பு ஓடியது. மறுபடி ஓடியது. பிறகு நிற்காமல் ஓடியது, தண்ணீர் இல்லாமல், வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு, கரகரவென்று.

நின்றது.

தட்டலும் நின்றது.

தொட்டி காய்ந்துவிட்டது.

அவள் கண்ணை இறுக மூடியபடி கேனுக்காகக் கையால் துழாவினாள். கிடைக்கவில்லை. சோப்பு எரிந்தது. முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள், தரைப் பலகையில் ஈரமான ஏதோ மெதுவாக இழுபட்டது. பிளாஸ்டிக் வாடை. படியில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒன்று உட்கார்ந்தது. அந்தப் பக்கம் ஒன்று.

"ராய்ஸ்?" என்றாள். அவன் இல்லை என்று தெரிந்தே.

சொட்டிக்கொண்டிருந்த முடியின் நுனியை யாரோ ஏந்தினார்கள், மென்மையாக, ஒரு கோப்பையைத் தூக்குவதுபோல. உதடுகள் அதைக் கவ்வின.

ஒரு சின்ன மடக்கு.

பிறகு மறுபக்கத்திலிருந்து, ஒரு நீண்ட மடக்கு. முடியைத் தாண்டி, மண்டையை நோக்கி, மேலே, மேலே.