குதிரைக்கு முன்னால் ஒரு குழந்தை

நல்ல வெயில் நேரத்தில்தான் அந்த ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்குப் போனோம், நானும் என் நாலு வயது மகளும். கொழுந்தன் கதவைத் திறந்ததும் பழைய கம்பளமும் சூடேறிய ஒயரும் கலந்த வாசனை வந்தது. என் கணவரின் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை.

அவர் ஹெவி மெட்டல் பாடகர். அடிவயிற்றிலிருந்து உறுமுவார், கூட்டம் தலையை ஆட்டும், ஒருவருக்கும் ஒரு வரி புரியாது. எனக்குப் புரியும். வீட்டில் செருப்பைத் தேடினாலும் அதே குரலில்தான் தேடுவார்.

வரிகளை எழுதி வைக்கிற பழக்கம் மனிதருக்குக் கிடையாது. ஜோசியம் பார்க்கிற டாரட் படச்சீட்டில் ஓர் அட்டையை மைக் ஸ்டாண்டில் மாட்டி, படத்தைப் பார்த்தபடியே பாடுவார். இடிந்து விழும் கோபுரம், தலைகீழாகத் தொங்கும் மனிதன் என்று அட்டைக்கு ஒரு பாட்டு. கடைசியாகப் பாடியது மரண அட்டை. பாடிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது அந்தப் பாட்டை அவர் தம்பி மேடையில் பாட வேண்டும். வரிகளைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

நாங்கள் உட்கார்ந்த அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாடிய அறை. அன்றைக்குப் பூட்டியது, திறக்கவே இல்லை. அட்டை இன்னும் ஸ்டாண்டில் இருந்தது. வெள்ளைக் குதிரை மேல் எலும்புக்கூடு, காலடியில் விழுந்து கிடக்கும் ராஜா, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பெண். அவள் பக்கத்தில், பயமே இல்லாமல் குதிரையை அண்ணாந்து பார்க்கும் ஒரு குழந்தை.

என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மகள் காலையில் செய்த காகிதப் பூவோடு தரையில் விளையாடினாள்.

"மெதுவா கேளுங்க அண்ணி. அவசரமில்ல."

கொழுந்தன் பதிவை ஓடவிட்டான். டிரம்ஸ் அதிர்ந்தது. பிறகு அவர் குரல்.

"ராஜா விழுந்துட்டான்," என்றேன். கொழுந்தன் குறித்துக்கொண்டான்.

அடுத்த வரி: கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

கொழுந்தன் பேனாவோடு காத்திருந்தான்.

"என்ன அண்ணி? அடுத்து?"

"சரியா கேக்கல."

அவன் அதே இடத்தை மறுபடி ஓடவிட்டான். அதே இடம்தான். வரி வேறு.

பிள்ளை பயப்படமாட்டாள். பூவோடு வரட்டும்.

கொழுந்தன் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அது வெறும் உறுமல். அந்த உறுமலில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த இன்னொருத்தி அறையில் இருப்பதை நான் மறந்துவிட்டேன்.

"அம்மா," என்றாள் மகள். "அப்பா பூ கேக்கிறாரு."

பாய்ந்து போய் அணைத்தேன்.

"தம்பி, இதை அழிச்சிடுங்க."

"அண்ணி, அண்ணனோட கடைசிப் பாட்டு இது."

"அழிச்சிடுங்க."

என் முகத்தைப் பார்த்தவன் அழித்தான். அந்த மனிதருக்காக நான் எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன்! ஆனால் என் பிள்ளையைக் கேட்டால், அவருக்கும் கிடையாது.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். அவளுடைய இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

"பூ எங்கே கண்ணு?"

"குடுத்துட்டேன்."

திரும்பினேன். கொழுந்தன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அந்த அறையின் சாவி அங்கேதான் இருந்தது.

பூட்டிய அறைக்குள், மைக் ஸ்டாண்டின் அடியில், காகிதப் பூ கிடந்தது.

மகள் சந்தோஷமாக என் விரலை இழுத்தாள்.

"நாளைக்குக் குதிரையில ஏத்திக்கறேன்னு சொன்னாரும்மா."