துளையருகே நான்கு மீன்கள்

தன் தம்பி சாம்மோலைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்பதை ரவ்னா அழாமல் சொன்னாள். வழிகாட்டியாக அவன் அழைத்துப்போன ஜெர்மன்காரர், உறைந்த ஏரியில் அவன் போட்ட மீன்பிடித் துளையருகே குளிரில் விறைத்துப் பிணமாகக் கிடந்திருக்கிறார்.

"ரெண்டு மணிக்கே அவரை விடுதி வாசல்ல எறக்கி விட்டுட்டான், ஆய்லு அண்ணே. முதலாளி ஹெய்க்கா, 'நான் பாக்கவே இல்ல'ங்கறாரு. இப்ப சாம்மோலே, 'நான்தான் மறந்து விட்டுட்டு வந்துட்டேனோ'ன்னு கேக்கறான்."

காவல் அதிகாரி ஆய்லு, பிணம் கிடந்த இடத்தில் எடுத்த புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பாக்க என்ன சார் இருக்கு?" என்றாள் உதவிக் காவலர் பீரெத். "துளை சாம்மோலோடது, தூண்டிலும் அவனோடது. நாலு மீன் புடிக்கற வரைக்கும் அந்தாளு அங்கதான் உக்காந்திருக்காரு."

"மீனைப் பாத்தியா?"

"பாத்தேன். எங்க வீட்டுப் பூனைகூட மோந்து பாக்காது."

"வா, ஹெய்க்காகிட்ட காட்டலாம்."

ரவ்னாவும் உடன் வந்தாள். விடுதியின் சமையலறையில் ஹெய்க்கா ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஆய்லு படத்தை மேசைமேல் வைத்தார்.

"மைனஸ் முப்பது டிகிரி குளிர்ல மீனைப் புடிச்சுப் பனிமேல போட்டா என்ன ஆகும், ஹெய்க்கா?"

"துள்ளும்."

"அப்புறம்?"

பீரெத் படத்தைப் பிடுங்கினாள்.

"துள்ளித் துள்ளி வளைஞ்சபடியே உறைஞ்சுடும்! சார், இது நாலும் பலகை மாதிரி நேரா கெடக்கு!"

"வலையில செத்து, பெட்டியில அடுக்கி வெச்ச மீனு. தூண்டில்ல வந்ததில்ல. சாம்மோல்கிட்ட வலை கிடையாது. இந்த ஏரியில ஐஸுக்கு அடியில வலை விட்டிருக்கறது நீ ஒருத்தன்தான்," என்றார் ஆய்லு.

ஹெய்க்கா தன் கைகளைப் பார்த்தபடி பேசினார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இன்னொரு சுத்து போகணும்னு அவருதான் கேட்டாரு. பனிவண்டிக்குப் பின்னாடி சறுக்குவண்டியைக் கட்டி, அதுல உக்கார வெச்சேன். எட்டு கிலோமீட்டர் திரும்பியே பாக்கல. பாத்தப்ப வண்டி காலி. புயல்ல தடம் மூடிடுச்சு. கண்டுபிடிக்க மூணு மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள வெறைச்சு செத்துட்டாரு. விடுதியை மூடிடுவாங்கன்னு பயந்து அவரைச் சாம்மோலோட துளைகிட்டப் போட்டேன். மீனைப் போட்டா நம்புவாங்கன்னு நெனச்சேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. பீரெத் விலங்கை எடுத்தாள். குளிரில் அதன் பூட்டு மூன்றாம் முறைதான் திறந்தது.

ஆய்லு காவல் நிலையத்துக்குப் பேசி, தொலைபேசியை ரவ்னாவிடம் நீட்டினார்.

"சாம்மோல், நீ அவரை விட்டுட்டு வரலடா. சரியாத்தான் கொண்டாந்து எறக்கியிருக்க. வீட்டுக்கு வா," என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

மறுமுனையில் சாம்மோலின் குரல் கேட்டது.

"அப்ப விழுந்ததும் என்னைத்தான் கூப்பிட்டிருப்பாரு, அக்கா. அவருக்கு வாயில நுழைஞ்சது எம்பேரு மட்டுந்தான்."