இருபத்து நான்கு தலைகள்

மதியம் இரண்டு மணிக்கு இரண்டு பேருந்துகளும் அந்தப் பழைய மருத்துவமனையின் வாசலில் வந்து நின்றன. பேரிடர் மேலாண்மை முதுகலை வகுப்பு முழுவதும் இறங்கியது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சுற்றுலா வந்ததுபோல் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைய ஒத்திகைக்கு நாற்பது மதிப்பெண். மதிப்பிட வந்திருந்த தீயணைப்பு அதிகாரி நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டடத்தை மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மேலே இரண்டு மாடிகள். கீழே தரைக்கடியில் ஒரு நீண்ட வார்டு. அங்கே இறங்கும் படிக்கட்டில் வெயில் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஈரச் சுண்ணாம்பின் வாடை. அந்த வாடைக்கும் அடியில், எப்போதோ எரிந்த ரப்பரின் நெடி.

இரண்டாம் ஆண்டில் ஒருத்தியை எல்லோரும் கணக்குப்புள்ள என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த ஒத்திகையானாலும் வெளியே கொண்டுவரப்பட்டவர்களின் தலையை எண்ணுவது அவள் வேலை. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை அது ஒன்றுதான் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கையில் ஒரு கிளிக்கர். ஒரு தலைக்கு ஒரு அழுத்து. வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் தலைகுனிந்து நின்று மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவளுக்கு அந்தக் கிளிக்கர் பெரிய ஆறுதல்.

"என்னடி, தலைக்கு எவ்வளவு வசூல்?" என்று வந்து நின்றாள் வாயாடி. விடுதியில் அறைத்தோழி. தூக்கத்திலும் யாரோடாவது சண்டை போடுபவள். கீழே காயம்பட்டவர்களாகப் படுக்க வேண்டிய முதலாம் ஆண்டுக்காரர்கள் இருபத்து நான்கு பேர். அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அந்த இடத்துக்கு வாயாடி தானாகவே போய் நின்றுகொண்டாள். முகத்தில் சிவப்புச் சாயம், பாதி முகத்துக்குக் கட்டு, மேலே சாம்பல் நிறக் கம்பளி.

"புகை விடப் போறாங்க. உனக்கு வீசிங் வருமே."

"நாடகப் புகைடி. இந்த டிரஸ்ல பாக்கெட் இல்ல, இன்ஹேலரை நீயே வச்சுக்கோ." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "என் கார்டைப் பாரு. 'மயக்கம். யார் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது.' எனக்குப் போய் இதைக் கொடுத்திருக்காங்க பாரு, பாவிங்க!"

சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். மூன்றாவது படியைத் தாண்டியதும் அவள் முகம் இருட்டுக்குள் போனது. குரல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

பேராசிரியை ஒலிபெருக்கியை எடுத்தார். "மறந்துடாதீங்க. முதல்ல தலை. பேர், ஊரு எல்லாம் அப்புறம். அடிபட்டவங்களால பேர் சொல்ல முடியாது, நாமளும் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. எண்ணிக்கை சரின்னா விசில்."

புகை எழுந்தது. மீட்புக் குழு ஸ்ட்ரெச்சர்களோடு கீழே ஓடியது.

கணக்குப்புள்ள மைதானத்து ஓரத்தில் நின்று அழுத்தினாள். ஒன்று. இரண்டு. கம்பளிகள் ஒவ்வொன்றாக வந்து நீள பெஞ்சுகளில் இறங்கின. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசி ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்த இருவரும் ஓட்டமாக வந்தார்கள்.

"இவ என்னடா, கனமே தெரியல" என்றான் முன்னால் வந்தவன்.

இருபத்து நான்கு.

அவள் கையை உயர்த்தினாள். விசில் ஒலித்தது. கைதட்டல். இதுவரை எந்த ஒத்திகையும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. பேராசிரியை அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கட்டடத்தின் காவலாளி, விசிலுக்காகவே காத்திருந்தவர்போல, கீழ் வார்டின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். புகை வெளியேறட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

தேநீர் வந்தது. கம்பளிகள் விலகின. சாயம் பூசிய முகங்கள் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்தன.

கணக்குப்புள்ள இன்ஹேலரை எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபது நிமிடமாக வாயாடியின் குரல் கேட்கவில்லை.

"அந்த அக்கா எங்க?" என்று முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியிடம் கேட்டாள்.

"இங்கதான் எங்கயாவது இருப்பாங்க. கணக்கு சரியா வந்துச்சே அக்கா!"

அவள் மறுபடி எண்ணினாள். இந்த முறை கிளிக்கர் இல்லாமல், விரலை நீட்டி, ஒவ்வொரு முகமாக. தெரிந்த முகங்கள். வகுப்பு வராந்தாவில் பார்த்த முகங்கள்.

இருபத்து மூன்று முகங்கள்.

கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஒரு கம்பளி மட்டும் இன்னும் விலகவில்லை. தலையோடு போர்த்தி, குனிந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"ஏய்... நீதானா?"

அவள் இரண்டடி நெருங்கினாள். ரப்பர் எரிந்த நெடி. கம்பளிக்குக் கீழே இரண்டு வெறும் பாதங்கள் தெரிந்தன. கணுக்கால் வரை கறுப்பாக இருந்தன.

அவர்கள் கொண்டுவந்தது சிவப்புச் சாயம் மட்டும்தான்.

அந்தக் கம்பளியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை. ஆனால் இன்னொரு எண்ணம், அந்தப் பயத்தைவிடக் குளிர்ச்சியாக, அவள் மண்டைக்குள் ஓடியது. இது இங்கே உட்கார்ந்திருந்தால் வாயாடி எங்கே?

அவள் ஓடினாள்.

பேராசிரியை அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வகுப்பு முழுவதும். இத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறந்ததே கிடையாது.

"மேடம். ஒருத்தி இன்னும் உள்ள இருக்கா."

"கணக்கு சரியா இருக்கேம்மா. பாத்ரூம் போயிருப்பா."

"பாத்ரூம் போயிருந்தா இங்க இருபத்து மூணு பேர்தான் இருக்கணும் மேடம்."

பேராசிரியை பெஞ்சுகளைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார். ஒருமுறை எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"இருபத்து நாலு" என்றார் மெதுவாக. அவர் பார்வையும் கடைசி பெஞ்சின் ஓரத்தில்தான் நின்றது.

"கதவைத் திறங்க!" என்று கத்தினாள் கணக்குப்புள்ள. தன்னுடைய குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. "அவளுக்கு மூச்சு வராது! கதவைத் திறங்க!"

தீயணைப்பு அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார்.

காவலாளியின் சாவி பூட்டின் துளையில் இரண்டு முறை தவறியது.

"அன்னிக்கும் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "தீப்பிடிச்ச அன்னிக்கு. இத்தனை நோயாளின்னு எண்ணினாங்க, சரியா வந்துச்சு, தண்ணியை நிறுத்திட்டாங்க. நோயாளியைப் பார்க்க வந்த ஆளு ஒருத்தரையும் சேர்த்து எண்ணியிருக்காங்கன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது."

"உள்ள இருந்தது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"யாரோ. பேரு யாரும் எழுதி வைக்கல."

கதவு திறந்தது.

வெள்ளைப் புகை தலை உயரத்துக்கு அசையாமல் நின்றது. அதிகாரியின் டார்ச் வெளிச்சம் நான்கடிக்கு மேல் போகவில்லை. இரும்புக் கட்டில்கள். சுவரில் இன்னும் உரியாத கரி. அவர்களுடைய செருப்புச் சத்தம் மட்டும்.

அவள் வாயாடியின் பெயரைக் கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

அந்தக் கார்டு. யார் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது.

"ஒத்திகை முடிஞ்சிடுச்சுடி! பேசு!"

வார்டின் கோடியில் எங்கோ விரலால் பலகையைச் சுரண்டும் ஒலி. மிக லேசாக. ஒருமுறை. பிறகு இல்லை.

துணிகள் அடுக்கி வைக்கும் அறை அது. தானாக மூடிக்கொள்ளும் கதவு. உள்பக்கம் கைப்பிடி இல்லை. அதிகாரி தோளால் முட்டித் திறந்தார். புகை உள்ளிருந்து ஒரு மூட்டையைப்போல வெளியே உருண்டது.

வாயாடி கதவுக்குப் பக்கத்திலேயே சரிந்து கிடந்தாள். உதடுகள் நீலம். நெஞ்சிலிருந்து விசில்போல ஒரு சத்தம். கணக்குப்புள்ள இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அதிகாரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் வாயாடி கண்ணைத் திறந்தாள்.

"பக்கத்துல... ஒருத்தி படுத்திருந்தாடி."

"பேசாத. மூச்சை இழு."

வாயாடி கேட்பாளா. இழுத்து இழுத்துப் பேசினாள். "நான் அந்த ரூம்ல போய்ப் படுத்தப்போ யாரும் இல்ல. புகை வந்ததும் பார்த்தா பக்கத்துல கிடக்கா. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுன்னு நினைச்சேன். ரெஸ்க்யூ பசங்க வந்தாங்க. நான் கண்ணை மூடிட்டுக் கிடந்தேன், கார்டுல மயக்கம்னு இருந்துச்சே... அவளைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, கதவு மூடிக்கிச்சு. திரும்பி வருவாங்கன்னு இருந்தேன். அப்புறம் கத்தலாம்னு பார்த்தா சத்தம் வரல."

"அவ ஏதாவது சொன்னாளா?"

வாயாடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "காதுகிட்ட வந்து சொன்னா. 'ஒருத்தரைத்தான் தூக்குவாங்க. இந்தத் தடவை நான் போறேன்'னு."

கணக்குப்புள்ள தலையைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

கம்பளி மட்டும் கிடந்தது. ஆள் இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மைதானத்தின் மறுகோடியில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அது எப்போது எழுந்தது, எந்தப் பக்கம் போனது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாயாடியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஒரு டாக்டரோடு வந்தது. பேராசிரியை வாயாடியோடு ஏறிக்கொண்டார். கதவை மூடுமுன் கணக்குப்புள்ளயைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அவர் முகம் பத்து வயது கூடியிருந்தது.

"டாக்டர் பயப்பட ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றாங்க. நீ பிள்ளைங்களைப் பத்திரமா கொண்டு போய்ச் சேர்த்துடு." கொஞ்சம் நிறுத்தினார். "எண்ணாதம்மா. பேர் சொல்லிக் கூப்பிடு."

முதலாம் ஆண்டுக்காரர்களின் பேருந்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். வெளியே இன்னும் மாலை வெளிச்சம் இருந்தது. கணக்குப்புள்ள ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றாள். கிளிக்கரை மைதானத்திலேயே எறிந்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் பெயரைக் கூப்பிட்டாள். ஒரு கை உயர்ந்தது. "உள்ளேன் அக்கா." அவள் அந்த முகத்தைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், பிறகுதான் பெயருக்கு எதிரே கோடு போட்டாள். அடுத்த பெயர். அடுத்த முகம். யாரும் கேலி பேசவில்லை. பெயரைக் கேட்டதும் ஒவ்வொருவரும் வேகமாகப் பதில் சொன்னார்கள். தாமதித்தால் தன்னுடைய இடத்தில் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல.

இருபத்து மூன்று பெயர்கள். இருபத்து மூன்று முகங்கள். காய்ச்சலில் வராதவளின் பெயரை அடித்தாள். பட்டியல் முடிந்தது.

அவள் பட்டியலை மடித்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சாம்மா? எடுக்கட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

"எடுங்கண்ணே" என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது, பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து, வெகு நேரம் காத்திருந்து பழகிய ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அக்கா, என் பேரை இன்னும் கூப்பிடலையே."