போகிற உடம்பு

நிழலுடலின் மண்ணீரலை பெனிட்டா முழுவதுமாக எடுத்துவிட்டாள். ரத்தக்குழாய்களையும் கட்டியாயிற்று. ஆனாலும் வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டே இருந்தது. உணர்கையுறைக்குள் அவள் விரல்களில் அந்தச் சூடு ஏறியது. சற்று நேரத்தில் நாடி நின்றது.

பார்வைக்கவசத்தைக் கழற்றினாள். எதிரே வெறும் மேசை.

ஒளியாலும் அழுத்தத்தாலும் ஆன நிழலுடல்களில் பழகிய பிறகுதான் அந்தக் கல்லூரியில் உயிருள்ள ஆளைத் தொட விடுவார்கள். தவறினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இந்த உடலை அவள் எத்தனையோ தடவை தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் போனாள். எல்லாத் தடவையும் அதே கட்டத்தில் செத்தது.

வகுப்புத் தோழன் இளஞ்சேரனிடம் கேட்டாள்.

"எனக்கும் செத்துட்டாரு. ஆனா முழு மார்க்."

"செத்ததுக்கா?"

"அவரோட சம்சாரமா வர்ற நிழலுடல்கிட்ட போய்ச் சொன்ன விதத்துக்கு. அவங்களக் காக்க வைக்காம உடனே போயிடணும். அதுதான் அந்தப் பாடமே."

பேராசிரியர் வேதமாணிக்கம் எதையும் மறைக்கவில்லை. "அந்த உடம்பு பிழைக்காதும்மா. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம். சாவைத் தாங்கப் பழகாதவன் ரொம்ப நாள் கத்தி பிடிக்க மாட்டான்."

"அப்போ ரத்தம் எங்கேருந்து சார் வருது?"

"எங்கேருந்தும் இல்ல. வரணும்னு இருக்கு, வருது."

அதன்பிறகு, பிழைத்த நிழலுடல்களையும் அவளால் நம்ப முடியவில்லை. நான் காப்பாற்றினேனா, இவர்கள் விட்டுக்கொடுத்தார்களா?

பட்டம் வாங்கி அரசு மருத்துவமனையில் சேர்ந்தபின், ஒரு மதியம், உப்பு லாரி கவிழ்ந்து அடிபட்ட சிவபெருமாள் என்பவரைக் கொண்டுவந்தார்கள். மண்ணீரல் சிதைந்திருந்தது. பெனிட்டா அதை எடுத்தாள்; இளஞ்சேரன் துணைக்கு நின்றான். குழாய்களைக் கட்டிய பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ரத்த அழுத்தம் சரிந்தது.

இளஞ்சேரன் கையை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"பெனிட்டா, விட்டுடு. இது போற உடம்பு. நான் போய் அவங்க வீட்ல சொல்லிடறேன்."

"இன்னும் நாடி இருக்குடா."

அதற்குள் அவன் கதவைத் தாண்டிவிட்டான். செவிலியரும் கருவிகளை ஒதுக்கத் தொடங்கினார். பெனிட்டாவின் விரல்களும் ஒரு கணம் தளர்ந்தன; இதுவும் முன்பே முடிவானதுதானோ? பிறகு அந்தப் பழைய கேள்வி எழுந்தது. ரத்தம் எங்கிருந்து வருகிறது? நிழலுடலுக்குள் அதற்கு ஊற்றே கிடையாது. இங்கே இருந்தாக வேண்டும்.

"சிஸ்டர், உறிஞ்சுகுழாயைக் கொடுங்க. எதையும் எடுத்து வைக்காதீங்க."

இரைப்பையைத் தூக்கிப் பின்னால் தேடினாள். கிழிந்த சிறு ரத்தக்குழாய் ஒன்று துடித்துத் துடித்துக் கக்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்துத் தைத்தாள். அழுத்தம் மெல்ல ஏறியது.

அவள் வெளியே வந்தபோது இளஞ்சேரன் தரையில் மண்டியிட்டு, சிவபெருமாளின் மனைவி முத்துக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"உங்க வீட்டுக்காரர் பிழைச்சிட்டாரும்மா," என்றாள் பெனிட்டா.

முத்துக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தத் தம்பி கண்ணு கலங்கியில்லா சொன்னாவ. நீங்க எதுக்குத் தாயி பொய் சொல்லுதீய?"

"உள்ளே வந்து நீங்களே பாருங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. "உசுரோட இருக்க மாதிரி காட்டிட்டு, பொறவு இல்லன்னு சொல்லவா?"