காலி இருக்கை இரண்டு

காலை 11.15.

"ஹோலிஸ் பிராண்ட்வால்ட், ஜீனி பிராண்ட்வால்ட்! அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று மேசைக்குப் பின்னாலிருந்து அமில்கார் கூப்பிட்டார்.

ஹோலிஸ் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். கழுத்துவரை இழுத்து மூடியிருந்த ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார். உள்பையின் ஜிப்பையும் திறந்து கையை விட்டார். கை வெறுமையாக வெளியே வந்தது. மறுபடி விட்டுத் துழாவினார்.

"காணோம்" என்றார். "தோல் உறையைக் காணோம்."

அவரோடு சீட்டாடிக்கொண்டிருந்த வில்மா டாக்கெட் நிமிர்ந்தாள். "உறையில என்ன இருந்தது?"

"எல்லாமே. என் அட்டை, அவ அட்டை, ரெண்டு பேரோட பாஸ்போர்ட்."

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ஜீனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வில்மாவுக்கு எழுபத்தொரு வயது. அமெரிக்கத் தரைப்படையின் போலீஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். அதில் பதினான்கு வருடம் துப்பறியும் வேலை. எத்தனையோ பேரை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். இப்போது மூன்று நாளாக அவளே அடைபட்டுக் கிடந்தாள். அசோரஸ் தீவுக்கூட்டத்தில், நாலு பக்கமும் அட்லாண்டிக் சூழ்ந்த ஒரு விமானத் தளத்தின் பயணியர் கூடம் அது. அவர்களை ஏற்றிவந்த சரக்கு விமானம் பழுதாகி நின்றுவிட்டது. வெளியே அடித்த காற்றில் ஆள் நிற்க முடியாததால், கூடத்தின் கதவுகளைத் தளத்துக் காவலர்கள் காலை ஒன்பது மணிக்கே வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். கைப்பேசிகளில் சிக்னல் இல்லை. மணி பார்க்க மட்டுமே அவை உதவின. தின்பண்ட இயந்திரத்தில் உப்பு பிஸ்கட் தவிர எல்லாம் தீர்ந்திருந்தது.

இராணுவ விமானத்தில் இடம் மிஞ்சினால் ஓய்வுபெற்றவர்களுக்கு இலவசம். யார் முதலில் பெயர் கொடுத்தார்களோ அவர்களுக்கு முதல் இருக்கை. அந்தச் சலுகையை நம்பித்தான் கூடத்திலிருந்த ஆறு பேரும் புறப்பட்டிருந்தார்கள். ஆறு பேருக்கும் போக வேண்டிய இடம் ஒன்றே: மறுநாள் மாலை ஐந்து மணிக்கு பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல். மேசை ஜன்னலுக்கு வெளியே எரிபொருள் கொண்டுபோகும் படை விமானம் ஒன்று நின்றது. காற்று தணிந்ததும் அது ஸ்பெயினுக்குக் கிளம்பும். அதை விட்டால் அடுத்த விமானம் மூன்று நாள் கழித்துத்தான்.

"பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூடணும்" என்றார் அமில்கார். தீவுக்காரர், அந்த மேசையில் முப்பது வருடமாக இருக்கிறார். "கூப்பிட்டப்ப அட்டை காட்டலேன்னா பேரை அடிச்சுட்டு அடுத்தவங்களைக் கூப்பிடணும். சட்டம் அப்படி. மன்னிச்சுக்குங்க ஐயா."

அவர் இரண்டு பெயர்களையும் அடித்தார். அடுத்த பெயர்கள் மார்வின், பாட்சி டுஃப்ரேன் தம்பதியுடையவை.

"நினைச்சேன்!" கர்னல் வெயின்ஸ்காட்டின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. பட்டியலில் அவர் அந்தத் தம்பதிக்கு அடுத்தவர். மூன்று நாளாக ஷூவைக்கூடக் கழற்றாமல் நடந்துகொண்டே இருந்த மனிதர். "ரெண்டே ரெண்டு இருக்கை. முதல்ல இருக்கிறவங்க அட்டை காணாமப் போகுது. அடுத்து நிக்கிறவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்குது. இதுக்குத் துப்பறியும் புலி வேற வேணுமா?"

மார்வின் முகம் சிவந்தது. லூசியானாக்காரர், படையில் சமையல்காரராக இருந்தவர். "கர்னல், முப்பது வருஷம் படைக்குச் சமைச்சவன் நான். உப்பைத் தவிர எதையும் எடுத்ததில்ல. அதையும் கொஞ்சம் அதிகமாவே போட்டுட்டேன்னுதான் எல்லாரும் திட்டினாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"நானே பார்த்தேன்" என்றார் கர்னல். "பத்து ஐம்பதுக்கு அந்த ஆளு ஹோலிஸோட நாற்காலிக்குப் பின்னால குனிஞ்சான்."

"என் நூல்கண்டு உருண்டு போச்சு! அதை எடுக்கத்தான் குனிஞ்சார்!" பாட்சி பின்னலை மடியில் போட்டாள்.

"தளத்து அதிகாரிக்கு எழுதப்போறேன். இனிமே நீங்க ரெண்டு பேரும் எந்தப் படை விமானத்திலயும் கால் வைக்க முடியாது."

வில்மா எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. "கர்னல், எழுதறதுக்கு முன்னாடி எனக்கு இருபது நிமிஷம் கொடுங்க. கதவு பூட்டியிருக்கு. யாரும் எங்கயும் ஓடப்போறதில்ல. அமில்கார், அதுவரைக்கும் அடுத்த பேரைக் கூப்பிட வேண்டாம்."

11.22. மேசையின் முன்பு ஆறு பேரும் தங்கள் பைகளைக் கொட்டினார்கள். மாத்திரை டப்பாக்கள், கழுத்துத் தலையணைகள், கப்பலில் விருந்துக்குப் போட்டுக்கொள்ள மடித்து வைத்த கோட்டுகள். கழிப்பறைகள், குப்பைத் தொட்டிகள், நாற்காலிகளின் அடிப்பாகம் எல்லாவற்றையும் வில்மாவும் கர்னலும் சேர்ந்தே பார்த்தார்கள். உறை கிடைக்கவில்லை.

11.31. வில்மா ஹோலிஸின் எதிரே உட்கார்ந்தாள்.

"கடைசியா உறையை எப்ப பார்த்தீங்க?"

"ஒன்பதரைக்கு. அமில்கார் எல்லார் அட்டையையும் சரிபார்த்தாரே, அப்ப. உள்ளே வெச்சு ஜிப் போட்டேன்."

"அப்புறம்?"

"ஜாக்கெட்டைப் போர்த்திக்கிட்டுத் தூங்கிட்டேன். பத்து நாப்பதுக்கு 'இருக்கை ரெண்டுதான்'னு அமில்கார் சொன்ன சத்தத்துல முழிச்சேன். குளிருச்சு. ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை இழுத்துக்கிட்டேன். அப்புறம் உங்களோடதானே சீட்டாடினேன்? எனக்கு இந்தக் கப்பலைப் பிடிக்கணும் வில்மா. எமெட் அங்க காத்துக்கிட்டிருக்கான்."

எமெட்டைப் பற்றி மூன்று நாளாகக் கூடமே கேட்டிருந்தது. கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஹோலிஸோடு வேலை செய்த முப்பத்தாறு பேரில் மிச்சமிருந்தது இவர்கள் இருவர் மட்டுமே. வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கப்பலில் சந்திப்பார்கள். எமெட்டுக்குக் குடும்பம் கிடையாது. முன்னதாகவே பார்சிலோனாவுக்குப் போய் ஓட்டலில் தங்கியிருந்தார்.

"கவலைப்படாதே. எமெட்கிட்ட இப்பதான் மேசை போன்ல சொன்னேன், வரத் தாமதமாகும்னு" என்று ஜீனி கணவரின் கையைத் தடவினாள். "நீ பையைக் கொட்டிக்கிட்டிருந்தப்ப."

11.36. வில்மா மேசைக்கு வந்தாள்.

"அமில்கார், ஒன்பதரைக்கு எத்தனை இருக்கைன்னு சொன்னீங்க?"

"பத்து கிடைக்கும்னு சொன்னேன் மேடம். பத்தரைக்கு மேலதான் விமானி இந்த ஜன்னலுக்கு வெளியே வந்து, சரக்கு ஏறிடுச்சு, ரெண்டுதான்னார். எனக்கே அப்பதான் தெரியும்."

"இந்த போன் வேலை செய்யுதா?"

"இல்லையே. காத்துல கம்பி அறுந்து பத்து மணிக்கே செத்துப்போச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணே ஒண்ணு வந்தது. ஒன்பது நாப்பதுக்கு. பார்சிலோனாவிலேர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சு, ஜீனி மேடத்தைக் கேட்டுச்சு."

வில்மா திரும்பி ஜீனியைப் பார்த்தாள். அவள் காலடித் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளெல்லாம் கப்பலின் உணவுப் பட்டியலை எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டியவள் அவள்.

"அவங்க மடியில எப்பவும் ஒரு இன்சுலின் பை இருக்குமே?"

"அதுவா? பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி என்கிட்ட கொடுத்தாங்க. ஐஸ் கரைஞ்சுடுச்சாம். என் குளிர்ப்பெட்டியில இருக்கு."

வில்மா மேசைக்குப் பின்னாலிருந்த குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள். வேலையிலிருந்த காலத்தில், விடை கிடைத்த கணம் அவளுக்கு எப்போதும் ஒரு குளிர்ந்த சந்தோஷத்தைக் கொடுக்கும். இன்று அது வரவில்லை. ஜீனியைத் தனியே கூப்பிட்டுப் பேசலாம் என்று திரும்பினாள். கர்னல் குறுக்கே நின்றார்.

"நேரமாச்சு. என்ன கண்டுபிடிச்சீங்க?"

"மார்வின் எடுக்கல."

"அப்படின்னா?"

"பத்து நாப்பதுக்கு அப்புறம் ஹோலிஸ் கழுத்துவரை ஜிப் போட்டு என் எதிர்லயே உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால யார் குனிஞ்சாலும் உள்பையில கை விட முடியாது. அதனால உறை போனது அவர் தூங்கினப்ப. பத்து நாப்பதுக்கு முன்னாடி."

"சரி, அப்ப எடுத்திருப்பான்!"

"எதுக்கு எடுக்கணும்? அப்ப இருக்கை பத்துன்னு பேச்சு. நாம ஆறு பேர். எல்லாருக்கும் இடம். யாரோட அட்டையையும் திருடி யாருக்கும் எந்த லாபமும் கிடையாது. நாம எல்லாரும் ரெண்டு இருக்கையையே நினைச்சுக்கிட்டிருந்தோம். திருட்டு நடந்தப்ப அந்த ரெண்டுங்கிற கணக்கே பொறக்கல."

மார்வின் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்சி அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"அப்போ யார்தான்?" கர்னல் விடவில்லை. "யார்னு சொல்லுங்க!"

"இருக்கைக்கு ஆசைப்பட்டவங்க இல்ல கர்னல். ஹோலிஸ் போகக்கூடாதுன்னு நினைச்சவங்க. ஒன்பதரைக்கு மேல அவர் பக்கத்துல யாராவது போனாங்களா? நீங்கதான் நடந்துக்கிட்டே இருந்தீங்க."

"யாரும் போகல. அவர் மனைவியைத் தவிர..." கர்னல் பாதியில் நிறுத்தினார்.

ஹோலிஸ் மெதுவாகத் திரும்பினார். ஜீனி எழுந்து நின்றாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள். "அமில்கார், அந்தப் பையைக் கொடுங்க."

ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவில் தோல் உறை இருந்தது. ஈரத்தைத் தன் ஸ்வெட்டரில் துடைத்து அவள் நீட்டினாள். ஹோலிஸ் அதை வாங்கவில்லை.

"செத்த போன்ல எமெட்கிட்ட பேசினதா சொன்னீங்க" என்றாள் வில்மா மெதுவாக. "ஒன்பது நாப்பதுக்கு ஓட்டல்காரங்க என்ன சொன்னாங்க ஜீனி?"

"எமெட் நேத்து ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாராம்."

காற்று கூரைத் தகட்டை உலுக்கியது. ஹோலிஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் என்ன சொன்னே நீ?" ஜீனியின் குரல் உடைந்தது. "எமெட்டும் போயிட்டா அப்புறம் நான் இருந்து என்ன பண்ணன்னு சொன்னே. மறுநாள் இதய மாத்திரையைக் குப்பையில போட்டே. நான் பார்த்தேன் ஹோலிஸ். பார்த்துட்டுச் சும்மா இருந்துட்டேன், மறுபடியும் அப்படிப் பண்ணிடுவியோன்னு பயம். இங்க சொல்லி உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கதவைத் திறக்கக்கூட வழியில்ல. கப்பல்ல சொன்னா சுத்திலும் தண்ணி. விமானம் போயிடட்டும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், நம்ம டாக்டர் பக்கத்துல இருக்கறப்ப சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மார்வின் தலையில விழும்னு கனவுலகூட நினைக்கல."

11.49. ஹோலிஸ் நாற்காலியின் கையை விட்டார். பிறகு கேட்டார்: "இப்ப அவன் எங்க இருக்கான்?"

"ஆஸ்பத்திரிப் பிணவறையில. சொந்தக்காரங்க யாராவது உண்டான்னு அந்தப் பொண்ணு கேட்டா. யாரும் இல்லேன்னேன்."

"நான் இருக்கேனே." அவர் குரல் உயரவில்லை. "முப்பத்தாறு பேர்ல ஒருத்தன் அங்க ஆள் தெரியாத ஊர்ல டிராயர்ல கிடக்கான். யாராவது போய் அவன் பேரைச் சொல்லி வாங்கணும் ஜீனி. அது தெரிஞ்சா நான் செத்துடுவேன்னு நினைச்சியா? அது தெரிஞ்சதாலதான் நான் போயே ஆகணும்."

ஜீனி அவர் கையில் உறையை வைத்தாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்.

அமில்கார் தொண்டையைச் செருமினார். "ஐயா, உங்க பேரை அடிச்சாச்சு. வேணும்னா பட்டியல் கடைசியில திரும்ப எழுதறேன். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல."

அவர் எழுதினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கக் கூப்பிட்டார்: "மார்வின் டுஃப்ரேன், பாட்சி டுஃப்ரேன்!"

மார்வின் மனைவியைப் பார்த்தார். பாட்சி நூல்கண்டைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.

"எங்களுக்குக் காது கேக்கல" என்றார் மார்வின்.

அமில்கார் இரண்டு பெயர்களை அடித்தார். "கர்னல் கர்டிஸ் வெயின்ஸ்காட்!"

கர்னலின் கை சட்டைப்பையிலிருந்த அட்டையின்மேல் இருந்தது. மூன்று நாளாக அந்த அழைப்புக்காகத்தான் அவர் நடந்துகொண்டிருந்தார்.

"கர்னல் வெயின்ஸ்காட்!" அமில்கார் மறுபடி கூப்பிட்டார்.

கர்னல் மார்வினின் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"உங்ககிட்ட நான் பேசினது தப்பு" என்றார் மார்வினிடம், நிமிராமல். பிறகு ஷூவைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"வில்மா டாக்கெட்!"

ஜன்னலுக்கு வெளியே எரிபொருள் விமானத்தின் படிக்கட்டு தெரிந்தது. பத்து நிமிடத்தில் இந்தக் கூடத்தை விட்டுப் போய்விடலாம். இந்த நாற்காலி, இந்த விளக்கின் இரைச்சல், இந்த உப்பு பிஸ்கட் எதுவும் இருக்காது. வில்மாவின் தொண்டைவரை 'இதோ' என்ற சொல் வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சீட்டுகளை அள்ளிக் கலைக்க ஆரம்பித்தாள்.

11.58. "ஹோலிஸ் பிராண்ட்வால்ட், ஜீனி பிராண்ட்வால்ட்!"

"இருக்கோம்" என்றார் ஹோலிஸ்.

காணாமல்போன உறை கிடைத்தது என்று ஒரே வரியில் அமில்கார் பதிவேட்டில் எழுதினார். காற்று ஓரளவு தணிந்திருந்தது. வெளியிலிருந்து காவலர் பூட்டைத் திறந்தார். கிழவரின் கையை ஜீனி பிடித்துக்கொள்ள, இருவரும் காற்றில் தலை குனிந்து நடந்தார்கள். கதவு மூடிக்கொண்டது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

வில்மா நாலு பேருக்கும் சீட்டு போட்டாள்.