உப்புக் கரித்த தண்ணீர்

படகு எஞ்சினின் டீசல் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உப்புக் கரித்தது. சூசையப்பன் விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, டீசல் வாடையோடு சேர்த்துத் துப்பினான். சின்னக்கானலுக்குக் கீழே மலைகளுக்கு நடுவில் கிடக்கும் அணை இது. இதில் உப்பு எங்கிருந்து வரும்?

டீசலில் தண்ணீர் கலந்ததே அவனுக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருஷமாக இந்தப் படகை ஓட்டுகிறான். டாங்கியில் காலியிடம் விட்டால் குளிரில் உள்ளே வேர்த்துவிடும் என்று, தலை போகிற காரியமிருந்தாலும் சாயங்காலம் விளிம்புவரை நிரப்பாமல் வீட்டுக்குப் போனதில்லை. மூடிக்குப் போன வாரம்தான் புது வாஷர் போட்டான். கிண்ணத்தை இன்று காலையில்கூடத் துடைத்துவைத்தான். இருந்தும் கரையைவிட்டுக் கால் மணி நேரத்தில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது.

முன்பலகையில் அவன் மனைவி கத்தரீனாள் கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். நெற்றியில் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. மண்சரிவில் ரோடு போய்விட்டது. அக்கரையில் ஆஸ்பத்திரி ஜீப் காத்திருக்கிறது. இருட்டுவதற்குள் அவளை அங்கே சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிண்ணத்தின் திருகைத் திறந்து தண்ணீரைத் தகர டப்பாவில் பிடித்து அணையில் கொட்டினான். டீசலை ஏற்றும் கைப்பம்பை அழுத்தினான். எஞ்சின் பிடித்தது.

"ஏங்க, தண்ணி தாங்க. தொண்ட காயுது."

பிளாஸ்கைக் கொடுத்தான். அவள் குடிக்கும் மடக் மடக் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பனிமூட்டமாக மஞ்சு இறங்கி இரண்டு கரையையும் மூடியது. ஈர மரத்தின் வாடையும் புகையும் மூக்கில் ஏறின. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எஞ்சின் மறுபடி இருமியது. கிண்ணம் நிறையத் தண்ணீர். டப்பாவில் பிடித்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. எஞ்சின் சூட்டினால் இருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கொட்டினான்.

"பிளாஸ்க் காலி, இன்னும் தவிக்குது. நாக்கு ஒட்டிக்கிடுச்சுங்க."

"இந்தா வந்துட்டோம் கத்தரி. பொறுத்துக்க."

திரும்பிப் பார்த்தான். அவள் நெற்றியில் வியர்வை இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டதென்று ஒரு கணம் சந்தோஷப்பட்டான். பிறகு அவள் உதடுகளைப் பார்த்தான். வெடித்திருந்தன.

மூன்றாவது தடவை எஞ்சின் நின்றதும் அணை முழுக்க நிசப்தம். கிண்ணத்தருகே குனிந்தபோது அந்த வாடை வந்தது. மூன்று நாளாக வீட்டில் அவள் கம்பளியில் வீசிய அதே காய்ச்சல் வாடை. திருகைத் திறந்தான். முன்பலகையில் அவள் முனகினாள். மூடினான். முனகல் நின்றது. மறுபடி திறந்தான்.

முனகினாள்.

சட்டென்று மூடினான். இரண்டு டப்பா முழுக்க அவனே பிடித்து, அவன் கையாலேயே கொட்டியிருக்கிறான்.

மஞ்சுக்குள் ஜீப்பின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவன் எஞ்சினைத் தொடவில்லை. டப்பாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மீதி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

அவள் கையைப் பிடித்தான். டீ ஃபேக்டரியில் வாடப்போட்ட கொழுந்து மாதிரி துவண்டது.

"கத்தரி, வாயத் தெற. இது உன்னோடது. குடிச்சிரு."

வாய் திறந்தது. ஊற்றினான். தொண்டை அசையவில்லை. தண்ணீர் உதட்டோரமாக வெளியே வந்தது. கன்னத்தில் இறங்கியது. பலகையில் சொட்டியது.

அவர்கள் இருவர் பாரத்தில் படகின் முன்பக்கம் தாழ்ந்திருந்தது. தண்ணீர் அங்கேயே தேங்கியிருக்க வேண்டும்.

தேங்கவில்லை.

மெல்லிய கோடாக, பலகை பலகையாக மேலேறி, பின்னால் எஞ்சினை நோக்கிப் போனது. அவன் உள்ளங்கையால் தடுத்தான். கையைச் சுற்றிக்கொண்டு போனது. துண்டைப் போட்டு அமுக்கினான். துண்டு நனையவில்லை.

"கத்தரி!"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்க முடியாமல் காய்ந்துபோன கண்கள். அவற்றின் ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு கோடுகள் புறப்பட்டு, கம்பளியில் இறங்கி, பலகையில் ஏறின.