நத்தையின் கை

அந்த ஐந்தாம் வகுப்பில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. கடைசிப் பிள்ளைக்கும் புரியும்வரை புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பக் கூடாது. சட்டம் போட்டவர் டீச்சரேதான்.

ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைப்பார். "யாருக்குப் புரியல? கையத் தூக்குங்க" என்பார்.

ஒரே ஒரு கை மேலே போகும். யாருடைய கை என்று கேட்கவா வேண்டும்? மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் உட்காரும் சிறுமியின் கைதான். அதனாலேயே அவளுக்கு 'நத்தை' என்று பெயர் வந்துவிட்டது. வைத்தவன் ராக்கெட். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும் பையன் அவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஆரம்பிச்சுட்டாடா நத்தை! இனி பாடம் ஊர்ந்தாப்லதான்" என்று அவன் முணுமுணுப்பான். பின்பெஞ்சுகள் சிரிக்கும்.

டீச்சர் சிரிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். "எந்த இடத்துல கால் வழுக்குச்சு, சொல்லும்மா" என்று மட்டும் கேட்பார். நத்தை இடத்தைக் காட்டுவாள். அங்கிருந்து மறுபடியும் பாடம் தொடங்கும்.

ஒரு நாள் சாக்பீஸ் எடுத்துவர நத்தை அலுவலக அறைக்குப் போனாள். உள்ளே தலைமை ஆசிரியை டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் வாசல்வரை வந்தது.

"பக்கத்துப் பிரிவு ஆறாவது பாடத்துக்குப் போயாச்சு. நீங்க இன்னும் நாலுலயே உட்கார்ந்திருக்கீங்க. பாடத்திட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? சுவத்துல ஒட்டி அழகு பார்க்கவா?"

"புரியாம நகர்ந்தா அது பாடம் இல்லீங்க. வெறும் பக்கம்தான்" என்றார் டீச்சர்.

"இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. இந்தப் பரீட்சையில உங்க பிரிவு பின்னாடி நின்னா, வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். நீங்க ஒண்ணாம் வகுப்புக்குப் போயிடலாம். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

நத்தை சாக்பீஸ் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள். வகுப்பு ஏன் பின்னால் நிற்கிறது? யாரால்? அவளுக்கு விடை தெரிந்திருந்தது. இந்த ஒரு கணக்குக்கு மட்டும் அவளுக்கு நேரமே ஆகவில்லை.

அன்று இரவு அவள் தட்டில் சோறு ஆறிப்போனது. "ஏன்டி, சோத்துல கோலம் போடுறியா?" என்று அக்கா கேட்டாள். நத்தை மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்னங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? டீச்சர் கீழ் எண்களை மாற்றினார், மேல் எண்களை மாற்றினார், விடை எழுதினார். நத்தைக்குத் தலை சுற்றியது. கீழ் எண்ணை எதற்கு மாற்றவேண்டும்? பேசாமல் மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டிவிட்டால் என்ன?

"யாருக்குப் புரியல?"

நத்தை கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். கொஞ்சம் காத்திருந்தார். "அட, எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சா?" அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தைத் திருப்பினார்.

அப்புறம் கேட்கவேண்டுமா! பாடம் ஓடியது. தினமும் நத்தையின் கை கீழேயே இருந்தது. டீச்சருக்காகத்தானே செய்கிறோம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பரீட்சை வந்தது. விடைத்தாளும் வந்தது. வகுப்பே சிவப்பாகக் கிடந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று நத்தை எழுதியிருந்தாள். அவள் மட்டுமா? பாதி வகுப்பு அப்படித்தான் எழுதியிருந்தது. ராக்கெட்டும்கூட!

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை. ஒரு சார் வந்தார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே எழுதினார், எழுதிக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே அழித்தார். மணி அடித்ததும் போய்விட்டார். பக்கத்து அறையிலிருந்து டீச்சர் குரல் கேட்டது. ஒண்ணாம் வகுப்புக்கு எண்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ராக்கெட் அவள் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"நீ ஏன் கையத் தூக்கல?"

"நான் தூக்குனா நத்தைன்னு சொல்ற. தூக்கலைன்னாலும் சண்டைக்கு வர்றியே!"

"எனக்கும் அந்தப் பின்னம் புரியல" என்றான் ராக்கெட், தரையைப் பார்த்து. "எனக்கு மட்டும் இல்ல, நிறைய பேருக்குப் புரியல. எப்பவும் நீ கேப்பேல்ல, அதைக் கேட்டுத்தான் நாங்க ஒப்பேத்துவோம். நீ பாட்டுக்கு சும்மா உட்கார்ந்துட்ட."

இத்தனை நாளும் அவள் கைக்குப் பின்னால் இத்தனை பேர் ஒளிந்திருந்தார்களா!

அவள் நேரே ஒண்ணாம் வகுப்புக்கு ஓடினாள். டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒரு பொடியனுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எனக்கு அன்னிக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ்ல பேசினதைக் கேட்டுட்டேன். உங்களைக் காப்பாத்தலாம்னு…" அவள் அழத் தொடங்கினாள்.

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் கண்ணும் கலங்கியது.

"உன் கையை மட்டுமே பார்த்துப் பார்த்து மத்த முகங்களைப் பார்க்காம விட்டுட்டேன்மா. அது என் தப்பு. நீ அழாதே."

"நீங்க திரும்பி வருவீங்களா, டீச்சர்?"

"இல்லம்மா. இந்த வருஷம் வரமாட்டேன்."

மணி அடித்தது. நத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

சார் பின்னக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "இதான் முறை. எழுதிக்கோங்க. அடுத்தது…" என்று டஸ்டரை எடுத்தார். அப்போது மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் ஒரு கை மேலே போனது.

"என்ன, தண்ணியா?" என்றார் சார்.

"இல்ல சார். புரியல."

"இதுல புரியாம இருக்க என்ன இருக்கு?"

"கீழ் எண்ணை ஏன் மாத்தணும் சார்? மாத்தாமக் கூட்டினா அஞ்சுல ரெண்டு வருது. அது அரையை விடக் கம்மி. அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படி சார் குறையும்? அந்த இடத்துலதான் எனக்குக் கால் வழுக்குது."

சார் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உனக்கு ஒருத்திக்காக எல்லாரையும் நிறுத்த முடியுமா?"

"எனக்கும் புரியல சார்." ராக்கெட்டின் கை. காதெல்லாம் சிவந்திருந்தது.

அவனுக்குப் பின்னால் இன்னொரு கை. சன்னல் பக்கம் இரண்டு. கடைசி பெஞ்சு முழுசாக. சார் டஸ்டரும் கையுமாக நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் எண் சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றிருந்தது.

சார் பெருமூச்சு விட்டார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டாக மடித்தார்.

"சரி. எல்லாரும் கிட்ட வாங்க. இதுல அரை எது, காட்டு பார்ப்போம்."

நத்தை காட்டினாள். அன்று முழுக்க அந்த வகுப்பில் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை.